ஊசிமுனையில் மறைந்த உழைப்பு

தமிழில் 'தையல்' என்னும் ஒரு சொல்லே ஊசிவேலையையும் பெண்ணையும் குறிக்கும். இவ்விரு பொருளையும் ஒருசேர நினைவூட்டுவது, தையற்பொறி பரவுவதற்கு முன் இங்கிலாந்துப் பெண்டிர் கையால் தைத்த லினன் சட்டை. மேலங்கியைத் தையற்காரர் தைத்தனர். சட்டையோ பெரும்பாலும் பெண்டிர் வேலையாக இருந்தது. அவ்வேலையின் நுட்பத்தைச் சிறிது காண்போம்.

அக்காலத்தில் துணி விலைமிக்கது, உழைப்போ மலிவானது. ஆதலின் துணி வீணாகாதவாறு சட்டையின் உறுப்புகள் பெரும்பாலும் சதுரமும் நீள்சதுரமுமாகவே வெட்டப்பட்டன. துணியிலிருந்து ஓர் இழையை உருவி, அது விட்டுச் சென்ற தடத்தின் வழியே கத்தரித்தனர், வெட்டு கோணாது. ஆனால் இவ்வாறு நேராக வெட்டிய துணி, கையைத் தூக்கும்போது அக்குளில் இழுபட்டுக் கிழியும். அதனைத் தடுக்க அவ்விடத்தில் சிறு சதுரத் துண்டு ஒன்றை மூலைவாட்டமாக வைத்து இணைத்தனர். அகன்ற கைப்பகுதியை நுண்ணிய சுருக்குகளாக்கி, ஒவ்வொன்றையும் ஊசிமுனையால் நீவி ஒழுங்குசெய்து, மணிக்கட்டுப் பட்டியில் தைத்தனர். பட்டிகளின் மேல் இழைகளை எண்ணிப் பின்தையல் இட்டனர். பிரியும் ஓரங்களை உள்மடித்து மீண்டும் தைத்தனர். நூலுக்குத் தேன்மெழுகும் விரலுக்கு அங்குஸ்தானுமே துணை.

இத்துணை வேலைக்கு எத்துணை நேரம்? 1860ஐ ஒட்டி அமெரிக்கத் தையற்பொறி நிறுவனம் ஒன்று ஒரு கணக்கை வெளியிட்டது. அதன்படி ஆடவர் சட்டை ஒன்றுக்குக் கையால் 14 மணி 26 நிமிடம்; பொறியால் 1 மணி 16 நிமிடம். பொறி விற்போர் கணக்காதலின் சற்றே மிகை இருக்கலாம். ஆயினும் உழைப்பின் அளவு விளங்குகிறது.

இத்திறனுக்கு உரிய மதிப்புக் கிட்டியதா? சிறுமியர் அனைவரும் கற்கும் வேலை என்பதால், இது திறனாகவே எண்ணப்படவில்லை. கூலியும் அதற்கேற்பவே குறைந்தது. இரவு பகலாகத் தைத்தும் பசியாறாத பெண்ணின் துயரைத் தாமசு ஹூட் 'சட்டையின் பாடல்' எனக் கவிதையாக்கினார். 1843 டிசம்பரில் 'பஞ்ச்' இதழில் அது வெளியானபோது நாடே கலங்கியது.

சலவையில் மாறாதிருக்கச் சட்டையின் ஓரத்தில் உடையவரின் பெயரெழுத்தைச் சிறு குறுக்குத் தையலால் பொறிப்பது வழக்கம். அணிந்தவர் பெயரைத் தைத்த அக்கை, தன் பெயரை எங்கும் தைக்கவில்லை. பழைய ஆடையொன்றை அருங்காட்சியகத்தில் காணும்போது, அதனை அணிந்தவர் யாரென்று மட்டும் கேளாது, தைத்தவர் யாரென்றும் நாம் கேட்போமாக!