மலக்குழிக்குள் இறங்கும் மோட்டார்: யாரைக் கேட்டுக் கணக்குப் போடுவது?

ஆத்தூர் சுற்றுவட்டாரச் சேகோ ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வித்தை தெரியும். மோட்டார் வேகமாகச் சுற்றும். கெட்டியான மாவுக் கரைசலை அந்த வேகத்தில் கலக்க முடியாது. நடுவில் ஒரு கியர்பாக்ஸ் வைத்து வேகத்தைக் குறைப்பார்கள், இழுவையைக் கூட்டுவார்கள்.

மலக்குழியில் மனிதனுக்குப் பதிலாக இறக்கும் எந்திரத்துக்கும் அதே வித்தைதான். நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும் மோட்டாரோடு நூற்றுக்கு ஒன்று கியர்பாக்ஸை இணைத்தால், பிளேடு 30 சுற்றுதான் சுற்றும். இழுவை 100 மடங்காக வேண்டும். கியர்பாக்ஸின் திறன் 70 சதவீதம் என்றால் 70 மடங்குதான் கிடைக்கும். இன்னொரு சங்கதியும் உண்டு. மோட்டாரின் சுழலும் பகுதிக்குள்ள சடத்துவம், பிளேடு பக்கத்திலிருந்து பார்த்தால் 100 மடங்கல்ல, 10,000 மடங்காகத் தெரியும். பிளேடு கல்லில் மோதித் திடீரென நின்றால் அந்த அடி முழுவதும் கியர் பற்களில்தான் விழும். சிக்கும்போது மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் ஏறும். அதைக் கவனித்துப் பல் உடையுமுன் நிறுத்துவது கட்டுப்பாட்டுக் கருவியின் வேலை. இதையெல்லாம் முன்கூட்டியே சமன்பாடாக எழுதிப் பார்ப்பதைத்தான் ‘மாடலிங்’ என்கிறார்கள்.

சென்னை ஐஐடி உருவாக்கிய ‘ஹோமோசெப்’ எந்திரம், குடைபோல் விரியும் பிளேடுகளைச் சுழற்றி, செப்டிக் டேங்கில் இறுகிய கசடைக் கரைக்கிறது. கேரளத்தின் ‘பேண்டிகூட்’ ரோபோ 2018-ல் திருவனந்தபுரத்தில் பாதாளச் சாக்கடையில் இறங்கியது. நம் கும்பகோணத்துக்கும் வந்தது.

ஆனால் சுமை எவ்வளவு என்ற எண்ணை யார் சொல்வது? அடியில் கசடு கல்லாய் இறுகியிருக்கும். துணி, முடி, மணல், உடைந்த பாட்டில் எல்லாம் கிடக்கும். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. இறங்கிய கைகளுக்குத் தெரியும். நம் பகுதியில் அந்தக் கைகள் பெரும்பாலும் அருந்ததியருடையவை. அவர்களைக் கேட்காமல் தண்ணீருக்குப் போடும் கணக்கைப் போட்டால், எந்திரம் பாதியில் சிக்கும். அடுத்து வரும் வார்த்தை நமக்குப் பழக்கம்: “ஒருத்தன் இறங்கி எடுத்து விட்டுடுப்பா.”

2013-ம் ஆண்டுச் சட்டம் இதைத் தடை செய்கிறது. சாக்கடை மரணத்துக்கு 10 லட்சம் ரூபாயாக இருந்த இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக்கியது.

எந்த நகராட்சியும் இத்தகைய எந்திரம் வாங்குமுன் சோதனை ஓட்டத்தைத் தூய்மைப் பணியாளர்கள் முன்னிலையில் நடத்தட்டும். அவர்கள் காட்டும் மோசமான தொட்டியிலேயே நடத்தட்டும். சிக்கினால் வெளியே நின்றபடியே தூக்க வின்ச் உண்டா? ஓட்டுநர் வேலையும் அதன் சம்பளமும் யாருக்கு?