பெருநாடிக்குள் ஒரு துணிக்குழாய்



இருதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி, வயிற்றினூடே இறங்கித் தொப்புளின் அளவில் இரு கிளைகளாகப் பிரிகின்றது. வயிற்றுப் பகுதியில் அதன் விட்டம் ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர். முதுமையினாலும், சிறப்பாகப் புகைத்தலினாலும் அதன் சுவர் நலிவுறும்பொழுது, பழைய துவிச்சக்கரவண்டி ரியூப் ஓரிடத்திற் புடைப்பது போல அதுவும் புடைக்கின்றது. விட்டம் 3 சென்ரிமீற்றரை எட்டினால் அதனை நாடிப் புடைப்பு என்பர். ஆடவரில் அது 5.5 சென்ரிமீற்றரை அடைந்தால் சத்திரசிகிச்சை பற்றி வைத்தியர் ஆலோசிப்பர். வெடித்துவிட்டாற் பிழைப்போர் சிலரே. விஞ்ஞானி ஐன்ஸ்ரைன் 1955 ஆம் ஆண்டில் இதனாலேயே காலமானார்.

முன்னர் வயிற்றைத் திறந்தே இதனைச் சீர்செய்தனர். 1990 ஆம் ஆண்டில், ஆர்ஜென்ரீனாவின் தலைநகராகிய புவெனஸ் அயர்ஸில், ஹுவான் பரோடி என்னும் நிபுணர் வேறொரு வழியைக் கையாண்டார். உலோக வலை பொருத்திய துணிக்குழாயைச் சுருக்கி, தொடை நாடியினூடாகச் செலுத்திப் புடைப்பினுள் விரித்தார். குருதி அக்குழாயினூடே ஓடும். நலிந்த சுவரின்மீது அழுத்தம் விழாது.

ஆயின், இக்குழாய் தையலினாற் பிணிக்கப்படுவதன்று. தன் விரிவிசையினாலும் சிறு கொளுக்கிகளினாலுமே பற்றி நிற்கின்றது. ஆதலின் அதன் விளிம்பிற் குருதி கசியலாம், குழாய் நழுவலாம், மடிந்து அடைபடவுங் கூடும். இவற்றைத் தடுக்கும் முதற்காவல் அளவெடுத்தலே. சிறுநீரக நாடிகளுக்குக் கீழே, புடைப்புக்கு மேலே, குழாய் பற்றுதற்குப் போதிய நலமான பகுதி வேண்டும். அப்பகுதி குறுகியதாகவோ வளைந்ததாகவோ இருந்தால், வேறு வகைக் குழாயை, அன்றித் திறந்த சத்திரசிகிச்சையை நாடுதலே நன்று.

இரண்டாவது காவல், சிகிச்சையின் பின்னர் இடையறாது கண்காணித்தல். பிரித்தானியாவில் 1999 முதல் 2004 வரை 1,252 நோயாளரைச் சேர்த்து ஓர் ஆய்வு நடைபெற்றது. சிகிச்சை நடந்து முப்பது நாளுக்குள் இறந்தோர், குழாய் பொருத்தப்பட்டவருள் நூற்றுக்கு 1.8, வயிறு திறக்கப்பட்டவருள் நூற்றுக்கு 4.3. எனினும் எட்டு ஆண்டுகள் கடந்தபின் நிலைமை மாறியது. நாடிப் புடைப்பினால் நேர்ந்த மரணங்கள் குழாய் பொருத்தப்பட்டவர்களிடையே மிகுந்தன. பழைய புடைப்பு மீண்டும் வெடித்தமையே இதற்கு முதன்மைக் காரணம்.

கசிவு பெரும்பாலும் வலி தருவதில்லை. இதுவே இதன் வஞ்சகம். நலமாக இருக்கின்றோம் என்றெண்ணி ஸ்கான் பரிசோதனையைத் தவறவிடுவோர், எச்சரிக்கை யாதுமின்றி ஆபத்தில் வீழ்கின்றனர். பொதுவாக முதல் மாதத்திலும், பின்னர் வைத்தியர் குறிக்கும் காலங்களிலும், பெரும்பாலும் ஆண்டுதோறும், பரிசோதனை வேண்டும். கசிவை உரிய வேளையிற் கண்டால், பெரும்பாலும் தொடை நாடி வழியாகவே அதனை அடைத்துவிடலாம். புகைத்தலைக் கைவிடுதலும் குருதியமுக்கத்தைக் கட்டுப்படுத்துதலும் நோயாளரின் கடமைகள். வயிற்றிலோ முதுகிலோ திடீர் வலி, மயக்கம், கால் குளிர்ந்து வெளிறுதல் ஆகியன தோன்றினால் விடியும்வரை காத்திராது உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

இல்லத்தில் இத்தகைய முதியவர் இருப்பின், அடுத்த பரிசோதனைத் திகதியை நாட்காட்டியிற் குறித்து வைத்து, அன்று அவரை அழைத்துச் செல்லுங்கள்.