இஞ்சி போன வழி

திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகைப் பக்கம் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்கும். ஒருவர் இஞ்சி என்பதை இன்னொருவர் அல்லம் என்பார். எல்லைக்கு அந்தப் பக்கமே வேறு பெயர் இருக்க, ஆங்கிலேயர் சொல்லும் 'ஜிஞ்சர்' மட்டும் நம் இஞ்சிக்கு உறவு எப்படி ஆனது? சரக்கு போன வழியில் சொல்லும் போனதுதான் காரணம்.

ஒரு சொல்லின் பூர்வீகம் அறிய அதன் பழைய வடிவங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தேட வேண்டும். ஜிஞ்சர், இடைக்கால ஆங்கிலத்தில் 'ஜிஞ்சிவெர்'. அதற்கு முன் இலத்தீனில் 'ஸிங்கிபெர்'. கிரேக்கத்தில் 'ஸிங்கிபெரிஸ்', கி.பி. முதல் நூற்றாண்டு மருத்துவர் டயாஸ்கொரிடீஸ் அதன் மருத்துவக் குணங்களை எழுதியிருக்கிறார். அதற்கும் பின்னே பாலி மொழியில் 'சிங்கிவேர'. இங்கே நம் காதுக்கே கேட்டுவிடுகிறது: இஞ்சி, வேர்.

முதலில் நிற்கும் சகரம் எங்கிருந்து வந்தது? சில திராவிடச் சொற்களில் முதல் சகரம் காலப்போக்கில் உதிர்ந்திருக்கிறது. சிறகு, இறகு இரண்டும் இன்றும் நம்மிடம் உண்டு. இஞ்சியும் ஒரு காலத்தில் சகரத்தோடு வழங்கியிருக்க வேண்டும், அந்த நிலையில்தான் வடக்கே போயிருக்க வேண்டும் என்பது மொழியியலாளர் கருத்து. வடமொழியில் அது 'சிருங்கவேர' ஆனது. சிருங்கம் என்றால் கொம்பு. கொம்பு போன்ற உடல் கொண்டது என்று பின்னாளில் அதற்குப் பொருளும் சொல்லிக்கொண்டார்கள். பர்ரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் இஞ்சிக்கு இடம் உண்டு. அதே வழியில் கிளைத்தவைதான் அரபியின் 'ஸஞ்சபீல்', ஜெர்மனின் 'இங்வெர்'.

ஒலி ஒத்திருந்தால் மட்டும் உறவாகிவிடாது. 'ஒன்று' என்பதிலிருந்தே ஆங்கில 'ஒன்' வந்தது என்று மேடைகளில் கேட்கிறோம். பின்னோக்கிப் பாருங்கள்: பழைய ஆங்கிலத்தில் அது 'ஆன்', ஜெர்மனில் 'ஐன்', இலத்தீனில் 'ஊனுஸ்'. பழமைக்குப் போகப் போக அது தமிழை விட்டு விலகுகிறது. ஜிஞ்சரோ பழமைக்குப் போகப் போகத் தமிழை நெருங்குகிறது. சோதனை இவ்வளவுதான்.

மாங்காயிலிருந்து வந்த மாங்கோ, சுருட்டிலிருந்து வந்த செரூட், கட்டுமரத்திலிருந்து வந்த கட்டமரான் எல்லாம் இதில் தேறுகின்றன. தேறாதவற்றை விட்டுவிடுவதால் தமிழுக்கு ஒரு குறையும் வராது. தேறியவற்றைச் சொல்லும்போது உலகம் மறுக்காமல் கேட்கும்.