சரியும் பாறையை அளத்தல்

மலையை நாம் அசையாப் பொருளென்றே எண்ணிப் பழகிவிட்டோம். ஆயின் 1903ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் விடியுமுன், கனடா தேசத்து ஆல்பர்ட்டா மாகாணத்தில் டர்ட்டில் மலையின் ஒரு பக்கம் பெயர்ந்து, ஏறக்குறைய ஒன்றரை நிமிஷத்தில் பிராங்க் என்னும் சுரங்க ஊரின் ஒரு பகுதியை மூடிற்று. மாண்டோர் 70 பேருக்குக் குறையார்.

இத்தகைய வீழ்ச்சி திடீரென நிகழ்வதுபோல் தோன்றினும், அதன் காரணங்கள் நெடுங்காலமாகப் பாறையினுள் சேர்ந்தனவே. பிளவுகள் பள்ளத்தாக்கை நோக்கிச் சாய்ந்திருப்பின், மேற்கிடக்கும் பாறை வழுக்குதற்கு ஆயத்தமாக நிற்கின்றது. பிளவிற் புகுந்த நீர், உறைந்து விரிந்தும் உறையாது அழுத்தியும் அதனைத் தளர்த்துகின்றது. ஆகவே பிளவுகளின் திசையையும் சாய்வையும் அளத்தலே முதற்காரியம். முன்னாளில் அறிஞர் கயிற்றில் தொங்கி, திசைகாட்டி கொண்டு இதனைச் செய்தனர். கல் விழுமிடத்தில் நின்றே கல் விழுமாவென ஆராய்ந்தனர் எனலாம்.

இப்போது டிரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு விமானம் அவ்வேலைக்கு உதவுகின்றது. அது பாறைமுகத்தின் எதிரே பறந்து, ஒவ்வொரு படமும் அடுத்ததன்மேற் பெரும்பங்கு படியுமாறு நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கின்றது. ஒரே கல்லைப் பல கோணங்களிற் கண்ட கணினி, நம் இரு கண்கள் தூரத்தை உணர்வதுபோல அதன் இடத்தைக் கணித்து, எண்ணிறந்த புள்ளிகளால் மலையின் உருவத்தைச் சமைக்கின்றது. மீண்டும் ஒருகாற் பறந்து இரண்டு உருவங்களையும் ஒப்பிடின், எது எவ்வளவு நகர்ந்தது, எங்கே கல் உதிர்ந்தது என்பன விளங்கும். அவ்வுருவத்தின்மீது கணக்கினாலேயே கற்களை உருட்டிவிட்டு, அவை எத்தனை தூரம் ஓடும், எவ்வளவு துள்ளும் என்றும் பார்க்கலாம். தடுப்புவலை எங்கே வேண்டுமென்பது அதனாற் புலப்படும்.

ஆயினும் படம் காட்டுவது மேற்றோலையே. செடிகொடிகள் மறைத்த நிலத்திற்கு இலைகளினூடே புகும் லேசர்க் கதிர் வேண்டும். உள்ளே தேங்கிய நீரையோ அதுவும் காணாது. மூடுபனியில் டிரோன் பயன்படாது. அங்கே ராடாரே காவல்.

ஸ்விட்ஸர்லாந்திலுள்ள பிரியன்ஸ் என்னும் சிற்றூரின் மேலுள்ள பாறை விரைந்து நகர்வதை இத்தகைய காவலாற் கண்டு, 2023 மே 12ஆம் நாள் மக்களை வெளியேற்றினர். விழும் நாளை எக்கருவியும் சொல்லவில்லை. ஒரு மாதத்திற்கு மேலாகப் பூட்டிய வீடுகளை விட்டுக் காத்திருந்தோரின் மனநிலை எவ்வாறிருக்கும்? ஜூன் 15ஆம் நாள் இரவு பாறை இறங்கி, பள்ளிக்கூடத்திற்குச் சற்று முன்னே நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. ஜூலையில் வீடு திரும்பியவர்கள் 2024 நவம்பரில் மீண்டும் ஊரைவிட்டுப் புறப்பட நேர்ந்தது.