தொட்டியோடு வரும் மண்

லேடி பாம் என்ற தொட்டிச்செடி வாங்கப் போனால், விலை கேட்பதற்கு முன் தொட்டியில் இருப்பது எந்த ஊர் மண் என்று கேளுங்கள். கொடைக்கானல் மலையில் உள்ள கவுஞ்சிக்காரர்களுக்கு இது முக்கியம். ஏனென்றால் இது உருளைக்கிழங்கு விளையும் மலை.

கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு இந்தியாவில் முதன்முதலாக 1961-ல் நீலகிரியில் கண்டறியப்பட்டது. பிறகு கொடைக்கானல் மலையிலும் தென்பட்டது. பெண் புழு செத்த பின் அதன் உடலே கடுகைவிடச் சிறிய கூடாக இறுகிவிடும். உள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். பயிர் வைக்காமல் போட்டாலும் அவை பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். லேடி பாமை இந்தப் புழு தொடாது, செடி செழிப்பாகவே நிற்கும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. தொட்டி மாற்றும்போது பழைய மண்ணைக் காட்டில் கொட்டுகிறோம். அடுத்த மழையில் அது கீழ்ப்பாத்திகளுக்கும் இறங்கிவிடுகிறது. தக்காளி, கத்தரியும் இதற்குத் தப்பாது.

எனவே தென்னை நார்க்கழிவில் வளர்த்த செடியாகப் பார்த்து வாங்குவது நல்லது. மண்ணோடுதான் கிடைத்தது என்றால் வாளித் தண்ணீரில் வேரை அலசி, நார்க்கழிவும் மட்கிய எருவும் கலந்து நட்டுவிடுங்கள். அலசிய தண்ணீரையும் பழைய மண்ணையும் பயிர் வைக்காத இடத்தில் குழி தோண்டி மூடுங்கள். கிழங்குக் காட்டில் அங்கங்கே திட்டுத்திட்டாகச் செடி குட்டையாகி மஞ்சளித்தால், ஒன்றை மெதுவாகப் பிடுங்கி வேரைப் பாருங்கள். குண்டூசித் தலையளவில் வெள்ளை அல்லது பொன்னிற மணிகள் ஒட்டியிருந்தால், வேரையும் மண்ணையும் பையில் கட்டித் தோட்டக்கலைத் துறை அலுவலரிடம் காட்டுங்கள்.

மற்றபடி லேடி பாம் அதிகம் தொல்லை தராத செடி. நிழல் தாங்கும், லேசான குளிரும் தாங்கும். மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் இரவுகளில் மட்டும் திறந்த வெளியில் விடாமல் தாழ்வாரத்துக்குள் நகர்த்துங்கள். அந்த மாதங்களில் மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றினால் போதும். குளிரில் ஈரம் தேங்கினால் வேர் அழுகும். இலையில் செம்பேன் வந்தால் ஈரத்துணியால் இருபுறமும் துடைத்து, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். பூண்டுப் பயிருக்கு வாங்கி வைத்த மருந்தில் மிச்சத்தை வீட்டுக்குள் அடிக்கவே கூடாது. பூச்சிமருந்து டப்பாவில் சிவப்பு முக்கோணம் இருந்தால் அது மிகக் கொடிய விஷம்.

இன்னொரு எச்சரிக்கை. சேகோ பாம் என்று விற்கப்படும் சைகஸ் பனையே அல்ல. அதன் இலையும் விதையும் விஷம், நாய் தின்றால் ஈரல் கெட்டுச் சாகக்கூடும். லேடி பாமின் இலை விரல் விரித்த கைபோல் இருக்கும், தண்டில் நார் சுற்றியிருக்கும். சைகஸ் இலையோ நீண்ட இறகுபோல், முனை குத்தும். குழந்தை எதையாவது தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் 108-ஐ அழையுங்கள். தின்ற துண்டையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

செடியின் பெயர் எழுதிய பில் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. ஒன்றைச் சொல்லி வேறொன்றை விற்றால், நோய்ச்செடியைத் தள்ளிவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரும். முதலில் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யச் சட்டம் இடம் தருகிறது. செடிக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது.