அவையஞ்சாமையும் கணினி மகளிரும்

திருவள்ளுவர் அவையறிதல் என்னும் அதிகாரத்தை முன்னும், அவையஞ்சாமை என்னும் அதிகாரத்தைப் பின்னுமாக வைத்தார். இவ்வைப்பு முறையிலே ஒரு கருத்து உண்டு என்பது என் துணிபு. அஞ்சாமை பிறவியிலே வருவதன்று. அவையின் இயல்பை அறிந்தபின் வருவது. இவ்வுண்மைக்கு இக்காலத்திலே சான்று தேடுவோர், திறந்த மூல மென்பொருள் இயற்றுவோரின் அவையை நோக்குவாராக.

மென்பொருளாவது கணினியை இயக்கும் கட்டளைத் தொகுதி. வாணிக நிறுவனங்கள் பல அக்கட்டளைகளின் மூலத்தை மறைத்து வைக்கும். திறந்த மூல மென்பொருளிலோ மூலம் யாவர்க்கும் வெளிப்படை. எவரும் அதனைப் படிக்கலாம். வழுக் கண்டால் திருத்தம் எழுதி அனுப்பலாம். பொறுப்பாளர் அதனை ஆராய்ந்து ஏற்பர். அன்றேல் குறை கூறித் திருப்புவர். ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடந் தேர்ந்த நம் பதிப்பாசிரியர் தொழிலோடு இஃது ஒருபுடை ஒக்கும். ஆயின் வேற்றுமை ஒன்று உண்டு. பதிப்பாசிரியரின் ஐயங்கள் பெரும்பாலும் அவர்தம் அறையினுள்ளே அடங்கின. இங்கோ திருத்தமும், அதன்மேல் எழுந்த மறுப்பும், அதற்கான மறுமொழியும் உலகமனைத்தும் காண நிற்கின்றன. புதிதாய் வருவோர் அஞ்சுவதற்கு இதுவே முதற் காரணம்.

க்னோம் என்பது 1997ஆம் ஆண்டிலே தொடங்கிய ஒரு கூட்டுமுயற்சி. லினக்ஸ் முதலிய இயங்குதளங்களில் நாம் திரையிற் காணும் சாளரங்களையும் பட்டிகளையும் ஆக்குவது. 2006ஆம் ஆண்டிலே, கூகிள் நிறுவனம் மாணவர்க்கென நடத்திய கோடைத் திட்டத்தின் வாயிலாக இம்முயற்சியிற் சேர ஏறத்தாழ 200 பேர் விண்ணப்பித்தனர். அவருள் ஒரு பெண்தானும் இலள். ‘பெண்களுக்கு இதில் விருப்பமில்லை’ என்று கூறி அமைந்துவிடுதல் எளிது. ஹன்னா வலாக், கிறிஸ் போல் என்னும் இருவர் அவ்வாறு அமையவில்லை. பெண்களுக்கென்றே ஒரு கோடைத் திட்டத்தை அவ்வாண்டிலேயே தொடங்கினர். விண்ணப்பங்கள் நூறளவில் வந்தன. ஆகவே அதுகாறும் இல்லாதிருந்தது விருப்பமன்று. ‘நீயும் வருக’ என்னும் அழைப்பே.

2010ஆம் ஆண்டிலே மரீனா ஷுராகின்ஸ்காயா என்னும் மென்பொருள் அறிஞர் இத்திட்டத்தைப் புதுப்பித்து வளர்த்தார். 2015ஆம் ஆண்டு முதல் அஃது அவுட்ரீச்சி என்னும் பெயர் பெற்று, பெண்களோடு இத்துறையிற் குறைவாக இடம்பெற்ற ஏனையோரையும் அணைத்துக்கொண்டது. மரீனா 2022இல் மறைந்தார். இத்திட்டத்தின் வழியே பயின்றோர் 1,000 பேருக்கு மேற்பட்டவர்.

ஆசிரியராகிய எனக்கு அதன் பயிற்றுமுறையே பெரிதும் வியப்பளிக்கின்றது. விண்ணப்பிக்கும் காலத்திலேயே ஒவ்வொருவரும் வழிகாட்டி ஒருவரின் துணையோடு சிறியதொரு திருத்தமாவது செய்தல் வேண்டும். அத்திருத்தம் மிகச் சிறியதாயினும், ‘என் எழுத்தையும் இவ்வவை ஆராய்ந்தது’ என்னும் அறிவைத் தருகின்றது. தேர்வு பெற்றோர் மூன்று மாதம் உதவிப்பணம் பெற்றுப் பணிபுரிவர். தொடக்க வாரங்களிலே, தமக்கு விளங்காது இடர்ப்படுத்துவது யாதென்று வெளிப்படையாக எழுதும்படி அவர்கள் கேட்கப்படுகின்றனர். இடர்ப்படுவோர் தாம் ஒருவர் மாத்திரம் அல்லர் என்பதை அறிந்த அளவிலே அச்சத்திற் பாதி அகலுகின்றது.

எனினும், எல்லாம் பெண்களின் அச்சமே என்று பழியை அவர்மேல் ஏற்றுதல் நீதியாகாது. கிட்ஹப் என்னும் களத்தில் அனுப்பப்பெற்ற திருத்தங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வொன்று, பெண்கள் அனுப்பியவற்றில் நூற்றுக்கு 78க்கு மேலும், ஆண்கள் அனுப்பியவற்றில் 74க்கு மேலும் ஏற்கப்பட்டன எனக் கண்டது. ஆயின் ஒரு முயற்சிக்குப் புதியவராயும், இன்ன பாலார் என்று அறியத்தக்கவராயும் இருந்தோரிடத்து, ஆண்களின் விகிதமே மேலோங்கி நின்றது. ஆதலின் பெண்ணுக்குத் துணிவு வேண்டுவது போலவே, அவைக்கு நடுவுநிலை வேண்டும். அஞ்சாதே என்று சொல்லுதல் மாத்திரம் போதாது. அஞ்சத்தக்கதாய் இருப்பதை நீக்குதலும் வேண்டும்.

விடைத்தாளிலே முதன்மை பெறும் மாணவி, வகுப்பிலே வினாவியவுடன் தலைகுனிந்திருத்தலை நான் ஆண்டுதோறும் காண்கின்றேன். அவளுக்கு அறிவு குறைவன்று. அவைப் பழக்கமே குறைவு. க்னோம், லிப்ரே ஒபிஸ் முதலிய மென்பொருள்களைத் தன்னார்வலர் தமிழிலும் ஆக்கியுள்ளனர். சந்திப்பிழை களையவும், பொருந்தாத சொல்லை மாற்றவும் இலக்கணம் கற்ற மாணவியும் உதவலாம். பாடசாலைக் கணினிக் கூடத்திலே, ஆசிரியர் அருகிருக்க, அவள் ஒரு சொல்லைத் திருத்தி அனுப்பட்டும். அது திருப்பப்படின், காரணத்தை உடனிருந்து படித்து, மறுபடியும் எழுதச் செய்வோமாக. இரண்டாம் முறை அவள் நம்மைக் கேளாமலே எழுதுவாள்.