ஒரே உலாவிக்குத் திறக்கும் அரசு வாசல்

பட்டியல் சாதி மாணவர் ஒருவர் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகையைப் பெறுவதற்குக் கடக்க வேண்டிய வாசல்கள் அனைத்தும் இன்று திரைக்குள் அமைந்துவிட்டன. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் இணைப்பு, வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு, விண்ணப்பம், ஆண்டுதோறும் புதுப்பித்தல் என எல்லாமே இணையத்தளங்களின் வழி. சாக்கோட்டை, கல்லல், கண்ணங்குடி ஒன்றியங்களின் சிற்றூர்களிலிருந்து காரைக்குடிக் கல்லூரிகளுக்கு வரும் முதல் தலைமுறை மாணவரிடம் மடிக்கணினி இருப்பதில்லை; அண்ணனோ அக்காளோ பயன்படுத்திக் கைமாற்றிய கைப்பேசியே இருக்கிறது. அந்தக் கைப்பேசியின் உலாவியில் 'சமர்ப்பி' என்ற பொத்தான் அசையவில்லை எனில், அவருக்குச் சட்டம் அளித்த உரிமை அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

இந்த உதவித்தொகைத் திட்டத்திற்கு ஐந்தாண்டுகளுக்கு ரூ.59,048 கோடி ஒதுக்க 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதில் 60 விழுக்காடு ஒன்றிய அரசின் பங்கு. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கான பணம் இது. இவ்வளவு பெரிய பொதுநிதிக்கும் அதற்கு உரியவருக்கும் இடையே நிற்கும் உலாவி யாருடையது, அதை யார் கட்டுப்படுத்துகிறார் என்ற கேள்வியைப் பொறியாளர்களிடம் மட்டும் விட்டுவிட இயலாது.

தரநிலையும் இயந்திரமும்

இணையப் பக்கம் என்பது அடிப்படையில் குறிப்புகள் நிறைந்த ஓர் ஆவணம். அதைப் படித்துத் திரையில் வரைந்து காட்டும் மென்பொருளே உலாவி. அதன் உள்ளே அந்த வேலையைச் செய்யும் பகுதி 'இயந்திரம்' எனப்படும். எந்த உலாவியும் எந்தப் பக்கத்தையும் ஒரே வகையில் படிக்க வேண்டும் என்பதற்காகவே பொதுத் தரநிலைகள் உள்ளன. 1994இல் தொடங்கப்பட்ட உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அத்தகைய தரநிலைகளை வகுக்கிறது. தளத்தை அமைப்பவர் தரநிலையைப் பின்பற்றினால் பயனர் எந்த உலாவியோடும் வரலாம். அவர் ஓர் உலாவியில் மட்டும் சோதித்துவிட்டுப் பணியை முடித்தால் மற்றவர்கள் வெளியே நிற்பார்கள்.

இது முன்பும் நடந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் இயங்குதளத்தோடு இன்டர்நெட் எக்ஸ்புளோரரைப் பிணைத்து விற்றது. அமெரிக்க அரசு 1998 மே மாதத்தில் அந்நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. எனினும் போட்டியாளர்கள் அதற்குள் ஓய்ந்துவிட்டனர். 2001இல் ஆறாம் பதிப்பை வெளியிட்ட நிறுவனம் ஏழாம் பதிப்பை 2006இல்தான் கொணர்ந்தது. போட்டி இல்லாத இடத்தில் மேம்படுத்த வேண்டிய கட்டாயமும் இல்லை என்பதற்கு அந்த ஐந்தாண்டு இடைவெளியே சான்று.

தமிழும் அந்தக் காலத்தில் இதன் சுமையைத் தாங்கியது. ஒருங்குறி பரவுவதற்கு முன்னர் ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. வாசகர் எழுத்துருவைப் பதிவிறக்காமலே படிக்கப் பல தளங்கள் பயன்படுத்திய இயங்கு எழுத்துரு நுட்பத்தின் ஒரு வகை இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே வேலை செய்தது. வேறு உலாவியில் தமிழ் எழுத்துகளுக்குப் பதில் புரியாத குறிகளே தெரிந்தன. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரநிலையாக ஏற்று ஆணை பிறப்பித்தது. தமிழ் எந்த உலாவியிலும் படிக்கத்தக்கதாக மாறியது பொதுத் தரநிலையால்தான். எந்த நிறுவனத்தின் கருணையாலும் அன்று.

அரசே தனி உலாவியைக் கட்டாயமாக்கினால் என்ன ஆகும் என்பதைத் தென்கொரியா காட்டுகிறது. 1990களின் இறுதியில் அங்கு இணைய வங்கிச் சேவைக்கான குறியாக்க முறை, இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்குள் மட்டும் இயங்கும் ஆக்டிவ்எக்ஸ் செருகுநிரலாக வழங்கப்பட்டது. அதன் பின்னர் நீண்ட காலம் வேறு உலாவி வைத்திருந்தவர்களால் வங்கிப் பணியையும் அரசுப் பணியையும் முடிக்க இயலவில்லை. இதை எதிர்த்துச் சட்டப் பேராசிரியர் ஒருவர் முன்னின்று நடத்திய வழக்கு தோற்றது. 2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாஃப்ட் அந்த உலாவிக்கே விடைகொடுத்தது. ஒரு நாடு கட்டாயமாக்கியிருந்த கருவியை ஒரு நிறுவனம் தன் கணக்கில் மூடிவிட முடிந்தது.

இன்றைய ஆதிக்கம்

இன்று அந்த இடத்தில் கூகுளின் குரோம் இருக்கிறது. எட்ஜ், ஓபரா, பிரேவ், சாம்சங் இன்டர்நெட் எனப் பெயர்கள் பல இருந்தாலும் இவை அனைத்தும் கூகுள் முன்னின்று வளர்க்கும் குரோமியத்தின் மீது கட்டப்பட்டவை. தனி இயந்திரத்தோடு பரவலாகப் புழங்குபவை ஆப்பிளின் சஃபாரியும் மொசில்லாவின் பயர்பாக்ஸும் மட்டுமே.

இந்த ஆதிக்கம் தரத்தால் மட்டும் வந்ததன்று. 2018இல் மூவர் அளித்த தகவலின் பேரில் இந்தியப் போட்டி ஆணையம் விசாரணையில் இறங்கியது. அவர்களுள் ஒருவர் சட்டக் கல்லூரி மாணவர் என்பதை நம் மாணவர்கள் கவனிக்க வேண்டும். பிளே ஸ்டோர் வேண்டுமெனில் குரோம் உள்ளிட்ட கூகுள் செயலித் தொகுப்பு முழுவதையும் கைப்பேசியில் முன்கூட்டியே நிறுவியாக வேண்டும் எனத் தயாரிப்பாளர்களைக் கட்டுப்படுத்தியது ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியதாகும் என்று 2022 அக்டோபர் 20 அன்று ஆணையம் கண்டது, ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச் 29 அன்று ஆணையத்தின் கட்டளைகளுள் நான்கை நீக்கியது. அபராதத்தை முழுமையாக உறுதிசெய்தது.

பழைய கைப்பேசியின் விலை

குரோம்தான் எல்லாக் கைப்பேசியிலும் இருக்கிறதே, பிறகென்ன சிக்கல் என்று கேட்கலாம். குரோம் எல்லாக் கைப்பேசிக்கும் என்றென்றும் கிடைப்பதில்லை. ஆண்ட்ராய்டு 8, 9 பதிப்புகளில் இயங்கும் கைப்பேசிகளுக்கு 2025இல் 138ஆம் பதிப்போடு குரோமின் புதுப்பித்தல் நின்றுபோனது. தளங்களோ புதிய குரோமை மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன. நாள்காட்டி திறக்காது, கோப்பு ஏறாது, சரிபார்ப்புப் படம் தோன்றாது. பயர்பாக்ஸ் பழைய ஆண்ட்ராய்டு பதிப்புகளை நீண்ட காலம் ஆதரித்து வந்திருக்கிறது. ஆனால் தளம் அதில் சோதிக்கப்படவில்லை எனில் அந்த மாற்றும் பயன்படாது. கைப்பேசி நன்றாக இயங்கும்போதே அதன் உரிமையாளர் வெளியேற்றப்படுகிறார். புதிய கைப்பேசி வாங்க வசதியுள்ளவருக்கு இந்தச் சிக்கல் இருப்பதே தெரியாது.

வெளியேற்றப்பட்டவர் அடுத்துச் செல்லும் இடம் பிரவுசிங் சென்டர். அங்கே கட்டணம் ஒரு பகுதிதான். ஆதார் எண், கடவுச்சொல், ஒருமுறைக் கடவு எண் அனைத்தும் வேறொருவர் கைக்குப் போகின்றன. அவசரத்தில் கடைக்காரரின் கைப்பேசி எண்ணே கணக்கில் பதிவாகிவிட்டால் மறு ஆண்டு புதுப்பிக்கும்போது கணக்கைத் திறக்க முடியாது. இதைவிட நுட்பமான இழப்பும் உண்டு. சேரியிலிருந்து வரும் மாணவர் ஊர்த் தெருவின் கடையில் தன் சாதிச் சான்றிதழை அந்நியர் முன் விரித்து வைத்துக் காத்திருக்க நேர்கிறது. வீட்டில் தனிமையில் முடித்திருக்கக்கூடிய பணி, உலாவி ஒத்துழைக்காததால் பொது இடத்துக்கு வந்துவிடுகிறது.

சொந்த நாட்டு உலாவி இதற்குத் தீர்வாகுமா? 2023 ஆகஸ்டில் ஒன்றிய மின்னணுவியல் அமைச்சகம் இந்திய உலாவி உருவாக்கப் போட்டியை அறிவித்தது. 2025 மார்ச்சில் சோஹோ நிறுவனம் முதற்பரிசு பெற்றது. அதன் உலாவிக்கு 'உலா' என்ற தமிழ்ப் பெயர். அதுவும் குரோமியத்தின் மீதே நிற்கிறது. பெயர்ப்பலகை மாறுவதால் கதவு அகலமாவதில்லை. எந்த உலாவிக்கும் தளம் திறக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

சட்டம் நம் பக்கம்

பொதுநிதியால் பராமரிக்கப்படும் கிணறு, குளம், சாலை ஆகியவற்றைப் பயன்படுத்தச் சாதியின் பெயரால் தடை கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் உறுப்பு. 1923இல் பம்பாய்ச் சட்டமன்றம் பொது நீர்நிலைகளை அனைவருக்கும் திறக்கத் தீர்மானித்த பின்னரும், 1927இல் அண்ணல் அம்பேத்கர் மகாத் குளத்துக்கு மக்களை அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. தாளில் உள்ள உரிமைக்கும் கையில் கிட்டும் நீருக்கும் உள்ள தொலைவை அப்போராட்டம் உணர்த்தியது. அரசு இணையத்தளமும் பொதுநிதியில் நிற்பதே.

இங்கே விலக்கு சாதியின் பெயரைச் சொல்லி நிகழவில்லை, விளைவாக நிகழ்கிறது. அதற்கும் சட்டத்தில் இடமுண்டு. நடுநிலையாகத் தோன்றும் விதி ஒரு பிரிவினரை மிகுதியாகப் பாதிப்பதும் பாகுபாடே என்னும் கோட்பாட்டை 2021 மார்ச்சில் லெப்டினன்ட் கர்னல் நிதிஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. கோவிட் தடுப்பூசிக்கு இணையப் பதிவை மட்டும் நம்புவது விளிம்புநிலை மக்களைப் பாதிக்கும் என்று 2021 மே மாதத்தில் அந்நீதிமன்றம் சுட்டியது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் அணுகல் 21ஆம் உறுப்பின் கீழான வாழ்வுரிமையின் பகுதி எனத் தீர்ப்பளித்தது. 2010 நவம்பரில் ஒன்றிய அரசே மின்-ஆளுமைக்கான திறந்த தரநிலைக் கொள்கையை வெளியிட்டது. அரசு இணையத்தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009இல் வந்து, 2023இல் மூன்றாம் பதிப்பை எட்டியுள்ளன. நெறிகள் உண்டு, கேட்பவர்தான் குறைவு.

ஆகவே கேட்போம். தளம் இயங்காதபோது திரைப்பிடிப்பு எடுத்து, நாள், நேரம், கைப்பேசி வகை, உலாவியின் பெயர், பதிப்பு ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். கல்லூரி அளவில் இவற்றைத் தொகுத்தால் அது வழக்கிற்கான சான்றாகும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் துறையிடம் மூன்று கேள்விகள் போதும்: தளம் எந்தெந்த உலாவிகளிலும் ஆண்ட்ராய்டு பதிப்புகளிலும் சோதிக்கப்பட்டது? அந்தச் சோதனை அறிக்கையின் நகல் எங்கே? இயங்காத நிலையில் தாளில் விண்ணப்பம் பெற என்ன ஏற்பாடு உள்ளது? முப்பது நாள்களுக்குள் பதில் வர வேண்டும். பதிலோடு தொகுத்த சான்றுகளையும் இணைத்து மாவட்ட ஆட்சியரிடம் கூட்டு மனு அளித்து, கடைசி நாளை நீட்டிக்கவும் நேரடி விண்ணப்பத்தை ஏற்கவும் கோரலாம். மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை அணுகும்போது, தனி மாணவரின் கைப்பேசிக் குறை என்று அதை எவராலும் தள்ளிவிட முடியாது.